கச்சேரிக்கும் ஜெயிலுக்கும் நாப்பது எட்டு

ரொம்ப நாளா டிராஃப்ட்லயே தூங்கிக்கிட்டு இருந்த பதிவு இது. ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் கம்மியான இந்த வாரத்துல தூசி தட்டி எடுத்துட்டேன். கொஞ்சம் நீளம். பாதியில ஓடிடாதீங்க மக்கா, கடைசியில விஷயம் இருக்கு.

போன தடவை ஊருக்குப் போயிருந்தப்ப, பட்டா விஷயமா பெரியப்பாவோட ஒரு பழைய தாலுகா ஆபீசுக்குப் போக வேண்டி வந்தது. நம்ம ஊரு மாப்பிள்ளையூரணி. தெரியாதவங்களுக்கு: தூத்துக்குடிக்கு வடக்கால, உப்பளக் காத்து முகத்துல அடிக்கிற இடம். பெரியப்பா 1976-ல கோர்ட்டுல டவாலியா வேலைக்குச் சேர்ந்து, முப்பது வருசத்துக்கு மேல பல ஊரு கோர்ட்டுல "கூப்பிட்டவர்". மூணு தடவை பேரைச் சொல்லிக் கூப்பிடுவாங்களே, அந்தக் குரல். இப்பவும் வீட்டுல சாப்பிடக் கூப்பிட்டா தெருவே எட்டிப் பாக்கும் :-)

நாங்க தேடிப் போன ஆள் வழக்கம் போல சீட்டுல இல்ல. சும்மா சுத்திக்கிட்டு இருந்தப்ப, ஆபீசுக்குப் பின்பக்கம் கம்பிக் கதவு போட்ட ரெண்டு ரூம் தெரிஞ்சுது. உள்ள ஒடஞ்ச நாற்காலி, கட்டுக்கட்டா பழைய ஃபைல். "ரெக்கார்டு ரூமா பெரியப்பா?"ன்னு கேட்டேன்.

"ஏல, இது ஜெயிலுல்லா. அந்தா தெரியுது பாரு, அது கோர்ட்டு. ரெண்டுக்கும் நடுவுல நாப்பது எட்டுதான். நானே எண்ணிருக்கேன்."

நாப்பது எட்டு. அதாவது நூறு அடி சொச்சம். சிஸ்டம் டிசைன் பண்ணிச் சோறு தின்கிற பய நான். ஒரு கட்டடத்துல எதை எதுக்குப் பக்கத்துல வச்சிருக்காங்க, ஏன் வச்சிருக்காங்கங்கிறது சும்மா விடாத கேள்வி. அதைத் தோண்டப் போய்க் கிடைச்சதுதான் மிச்சப் பதிவு.

ஒரே காம்பவுண்டு, ஒரே ஆள்

எங்க பக்கத்துப் பெரியவங்க தாலுகா ஆபீசை இன்னும் "கச்சேரி"ன்னுதான் சொல்லுவாங்க. இந்துஸ்தானி வழியா வந்த சொல். அரசாங்க அலுவலகம், நீதிமன்றம் ரெண்டையும் குறிக்கும். பாட்டுக் கச்சேரியும் இதே சொல்தான். நாலு பேர் கூடி உட்கார்ந்து ஒருத்தர் சொல்றதைக் கேட்கிற இடம்!

வெள்ளைக்காரன் காலத்துத் தாலுகா கச்சேரியோட பிளானைக் கொஞ்சம் மனசுல போட்டுப் பாருங்க. நடுவுல கச்சேரி ஹால். ஒரு மூலையில கனமான சுவரோட கஜானா. பின்னால சப் ஜெயில். முன்னால வேப்பமரமோ ஆலமரமோ, அதுக்குக் கீழ மனு எழுதுறவர். தாசில்தார்தான் வரி வசூலிக்கிறவர், அவரேதான் கீழ்நிலை மாஜிஸ்திரேட். சப் ஜெயிலுக்குக் கண்காணிப்பாளரும் அவரே. வேலை கூடினதுக்கு அப்புறம்தான் கேஸ் மட்டும் விசாரிக்கிறதுக்குன்னு "ஸ்டேஷனரி சப் மாஜிஸ்திரேட்" தனியா வந்தார். அவரும் அதே வருவாய்த்துறை ஆள்தான்.

ஏன் இப்படிக் கட்டினான்? காரணம் ரொம்ப சிம்பிள்: செலவு. கஜானாவுக்கு எப்படியும் ராத்திரி பகலா துப்பாக்கியோட காவல் வேணும். அதே காவலை ஜெயிலுக்கும் வச்சுக்கிட்டா ஒரே சம்பளத்துல ரெண்டு வேலை. கைதியைக் கோர்ட்டுக்குக் கொண்டு போக வண்டி வேணாம், வழிக்காவல் வேணாம், வழியில தப்பிக்கிற பயமும் இல்ல. நாப்பது எட்டு நடந்தாப் போதும்.

நம்ம பாஷையில சொன்னா எல்லாத்தையும் ஒரே சர்வர்ல ஏத்தி வச்சது. ரொம்ப வேகம், ரொம்ப மலிவு. ஆனா ஒரே லாகின்ல அட்மினும் அவரே, ஆடிட்டரும் அவரே!

முத்துக்குளிப்பு ஊரும் ஓலைக் கோர்ட்டும்

நம்ம கடற்கரைக்கு நெருக்கமான உதாரணம் ஒண்ணு உண்டு. மன்னார் வளைகுடாவுக்கு அந்தப் பக்கம், இலங்கையில மறிச்சுக்கட்டின்னு ஒரு இடம். 1904, 1905 வருசங்கள்ல அங்க நடந்தது பெரிய முத்துக்குளிப்பு. தூத்துக்குடி, கீழக்கரைப் பக்கம் இருந்து படகும் ஆளும் போனாங்க. அரபு நாட்டுல இருந்து கூட சங்குமுங்கிகள் வந்தாங்க. வருசத்துல மிச்ச நாள்ல காடும் மணலுமா கிடக்கிற இடத்துல, சீசனுக்குப் பல்லாயிரம் பேர் தங்குற ஊர் முளைக்கும். கம்பும் கீத்தும் வச்சே தெருவு, கடை, ஆஸ்பத்திரி, தபால் ஆபீஸ், கூடவே ஒரு கோர்ட்டு, ஒரு ஜெயில்.

சில வாரத்துக்கு மட்டும் உயிரோட இருக்கப் போற ஊருக்கு எதுக்கு கோர்ட்டும் ஜெயிலும்? எடுத்த சிப்பியை மூணு பங்கு வச்சு ரெண்டு பங்கை சர்க்கார் எடுத்துக்கும், ஒரு பங்குதான் முங்கினவனுக்கு. சர்க்கார் பங்கு அங்கேயே ஏலம். நடுவுல ஒருத்தன் ஒரு முத்தை வாயில போட்டு முழுங்கிட்டா நஷ்டம் சர்க்காருக்கு. ஆக அந்த ஊருல சட்டத்தைப் போட்டதும் சரக்குக்குச் சொந்தக்காரனும் ஒரே சர்க்கார். விசாரிச்சு உள்ள வைக்கிறதும் அதே சர்க்கார்.

எனக்கு இதுல பிடிபட்டது என்னன்னா, ஒரு ஊரை வெறும் மணல்ல இருந்து தொடங்குறப்ப எதையெல்லாம் "கண்டிப்பா வேணும்"னு லிஸ்ட் போடுறாங்களோ, அதுல கோர்ட்டும் ஜெயிலும் ஜோடியாவே வருது. கல்லுல கட்டினாலும் சரி, ஓலையில கட்டினாலும் சரி.

மத்த ஊருல என்ன பண்ணினான்?

லண்டன்ல பழைய பெய்லி கோர்ட்டும் நியூகேட் ஜெயிலும் ஒட்டினாப்ல இருந்தது. 1750-ல ஜெயில்ல இருந்து வந்த கைதிகளோட சேர்ந்து ஜெயில் காய்ச்சலும் கோர்ட்டுக்குள்ள வந்துடுச்சு. டைபஸ்னு இப்ப சொல்றோமே, அது. நீதிபதிகள், லண்டன் மேயர்னு அங்க இருந்த பல பேர் செத்துப் போனாங்க. ஜெயிலுக்குள்ள காத்து இல்லைங்கிறது அதுவரைக்கும் கைதியோட பிரச்சினை. அன்னைக்குத்தான் நீதிபதியோட பிரச்சினையாவும் ஆச்சு. கட்டடத்துல காத்தோட்டம் பத்திப் பெரிய மனுஷங்க அக்கறையா பேச ஆரம்பிச்சதும் அதுக்கப்புறம்தான்.

அமெரிக்காவுல பிட்ஸ்பர்க் நகரத்துல இருக்கிற அலகெனி கவுண்டி கோர்ட்டும் ஜெயிலும்தான் இந்த வகையில ரொம்பப் பேர் போன கட்டடம். ஹென்றி ஹாப்சன் ரிச்சர்ட்சன்ங்கிற ஆர்க்கிடெக்ட் 1883-ல போட்டியில ஜெயிச்சு டிசைன் பண்ணினது. 1886-ல அவர் இறந்துட்டார், கட்டடம் முடிஞ்சது 1888-ல. கோர்ட்டு ஒரு பக்கம், ஜெயில் தெருவுக்கு அந்தப் பக்கம், நடுவுல தெருவுக்கு மேல ஒரு கல் பாலம். வெனிஸ்ல அரண்மனையையும் சிறையையும் சேர்க்கிற "பெருமூச்சுப் பாலம்" இருக்கே, அதே பேரைத்தான் இதுக்கும் வச்சாங்க. தெருவுல போற ஜனம் கைதியைப் பாக்காது, கைதியும் ஜனத்தைப் பாக்க மாட்டான்.

இந்த மாதிரிக் கட்டடம் டிசைன் பண்றவங்களுக்கு இப்ப ஒரு பாலபாடம் உண்டு: மூணு வழி. பொதுஜனம் வர்றதுக்கு ஒண்ணு, நீதிபதியும் ஊழியர்களும் வர்றதுக்கு ஒண்ணு, கைதியைக் கொண்டு வர்றதுக்கு ஒண்ணு. மூணும் கோர்ட் ஹால்ல மட்டும்தான் சந்திக்கணும். சாட்சி சொல்ல வந்தவன் வராந்தாவுல குற்றவாளியோட ஆளுங்ககிட்ட மாட்டக் கூடாது பாருங்க.

எவ்வளவு பிளான் போட்டாலும் மனுஷன் மனுஷன்தான். 1902-ல அந்த அலகெனி ஜெயில்ல இருந்து தூக்குக் கைதிகளான பிடில் சகோதரர்கள் ரெண்டு பேர் தப்பிச்சாங்க. ஒத்தாசை பண்ணினது யார் தெரியுமா? ஜெயில் வார்டனோட மனைவி! பிறகு சினிமாவாக் கூட எடுத்தாங்க. கருங்கல் சுவர், பாலம், எல்லாம் இருந்து என்ன பிரயோஜனம் :-)

1908

நம்ம ஊருக்கே வருவோம். ஓட்டப்பிடாரத்துக்காரர் வ.உ.சி.யைத் தெரியாதவங்க இங்க இருக்க மாட்டீங்க. கப்பல் விட்டது தெரியும், செக்கிழுத்தது தெரியும். வக்கீலாகிறதுக்கு முன்னால தாலுகா ஆபீஸ்ல குமாஸ்தாவா வேலை பாத்தவர்ங்கிறது பல பேருக்குத் தெரியாது. கச்சேரியை உள்ள இருந்து பாத்தவர். பிறகு ஓட்டப்பிடாரத்துல வக்கீல் தொழில், 1900-ல தூத்துக்குடிக்கு வந்தார்.

1908 மார்ச் 12-ஆம் தேதி அவரையும் சுப்பிரமணிய சிவாவையும் பத்மநாப ஐயங்காரையும் கைது பண்ணிப் பாளையங்கோட்டை ஜெயில்ல வச்சாங்க. அப்போ திருநெல்வேலி கலெக்டர் விஞ்ச். கலெக்டர்ங்கிறவர் வரி வசூலுக்குத் தலைவர். அதோட மாவட்ட மாஜிஸ்திரேட்டும் அவரே. "இந்த ஆள் இந்த ஊர்ல பேசறது ஆட்சிக்கு ஆபத்து"ன்னு முடிவு பண்ணினதும் அவர், ஜாமீன் கொடுன்னு மாஜிஸ்திரேட்டாக் கேட்டதும் அவர். தூத்துக்குடியில இருந்த ஆஷ் துரையும் சப் கலெக்டர், இணை மாஜிஸ்திரேட்னு ரெட்டைத் தொப்பிக்காரர்தான். மறுநாள் திருநெல்வேலி பத்தி எரிஞ்சது. துப்பாக்கிச் சூட்டுல நாலு பேர் செத்தாங்க. ஜனங்க அன்னைக்குத் தீ வச்சதுல நகராட்சி ஆபீஸ், போலீஸ் ஸ்டேஷனோட கோர்ட்டும் உண்டு. ஏன் கோர்ட்டுக்கும் தீ வச்சாங்கன்னு எனக்கு முன்னால புரிஞ்சதில்ல. இந்தக் காம்பவுண்டு பிளானைப் பாத்ததுக்கு அப்புறம் புரியுது. ஜனங்க கண்ணுக்கு அது ஒரே வீட்டோட இன்னொரு ரூம்.

அந்த வருசம் ஜூலை 7-ஆம் தேதி செஷன்ஸ் நீதிபதி பின்ஹே வ.உ.சி.க்குக் கொடுத்தது இரட்டை ஆயுள். மேல்முறையீட்டுல அது குறைஞ்சு, 1912 டிசம்பர்ல வெளிய வந்தார்.

இது ஒருத்தரோட கதை மட்டும் இல்ல. நிர்வாகத்தையும் நீதியையும் பிரிக்கணும்னு காங்கிரஸ் 1886-லயே தீர்மானம் போட்டுருச்சு. சுதந்திரத்துக்கு அப்புறம் அரசியல் சட்டத்தோட 50-வது பிரிவுல ஏறுச்சு. சென்னை மாகாணம் இதைப் படிப்படியா ஆரம்பிச்சது. 1974 ஏப்ரல் 1-ல புதுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் வந்ததும் நாடு முழுக்க நீதித்துறை நடுவர் வேற, தாசில்தார் வேற. சப் ஜெயிலும் காலப்போக்குல வருவாய்த்துறை கையில இருந்து சிறைத்துறைக்குப் போயிடுச்சு.

ரொம்பச் சரியான மாத்தம். ஒரே லாகினை மூணாப் பிரிச்சாச்சு. நான் அன்னைக்கு இருந்தாலும் இதுக்குத்தான் ஓட்டு போட்டிருப்பேன்.

பிரிச்சதுக்கு அப்புறம்

அதிகாரம் பிரிஞ்சப்ப இடமும் விலக ஆரம்பிச்சது. கோர்ட்டுக்குத் தனி வளாகம். சின்ன சப் ஜெயில் நிறைய மூடியாச்சு. சென்னையில சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்துல 1837-ல இருந்து நின்ன மத்திய சிறை 2006-ல புழலுக்குப் போச்சு. பழைய கட்டடத்தை 2009-ல இடிச்சாச்சு. நெரிசலுக்கு அது நல்ல விடிவுதான். ஆனா ஜெயிலுக்கும் கோர்ட்டுக்கும் நடுவுல போலீஸ் வேன், வழிக்காவல், "எஸ்கார்ட் இல்ல, அதனால ஆஜர்படுத்தல"ங்கிற வாசகம், எல்லாம் வந்து சேந்துக்கிச்சு. அதுக்கு மருந்தா வீடியோ கான்ஃபரன்ஸ் வந்தது. முதல் தடவை ரிமாண்ட் பண்றப்பவும், போலீஸ் காவல்ல இருக்கிற வரைக்கும் நேர்ல கொண்டு வரணும், நீதிமன்றக் காவலை நீட்டிக்கிறதுக்கு மட்டும் வீடியோ போதும்னு சட்டம் கோடு போட்டிருக்கு. 2024 ஜூலையில புதுச் சட்டம் வந்த பிறகும் அந்தக் கோடு அப்படியேதான் இருக்கு.

அந்த "நேர்ல"ங்கிற வார்த்தைதான் இந்தப் பதிவோட மையம்.

கைது பண்ணின 24 மணி நேரத்துக்குள்ள மாஜிஸ்திரேட் முன்னால நிறுத்தணும்னு அரசியல் சட்டம் 22-வது பிரிவுல சொல்லுது. எதுக்கு? பேப்பரைக் காட்ட இல்ல, பேப்பரை யார் வேணா கொண்டு போகலாம். ஆளைக் காட்டணும். அடிபட்டிருக்கானா, நிக்க முடியுதா, ஏதாவது சொல்லணும்னு வாயைத் திறக்குறானா, இதை எல்லாம் ஒரு மூணாவது ஆள் தன் கண்ணால பாக்கணும்.

2020 ஜூன்ல எங்க மாவட்டத்துல நடந்ததை மறந்திருக்க மாட்டீங்க. சாத்தான்குளத்துல செல்போன் கடை வச்சிருந்த பென்னிக்ஸ், அவர் அப்பா ஜெயராஜ். ஊரடங்கு நேரத்தைத் தாண்டிக் கடை திறந்திருந்ததா சொல்லி 19-ஆம் தேதி ராத்திரி ஸ்டேஷனுக்குக் கொண்டு போனாங்க. மறுநாள் அரசு ஆஸ்பத்திரியில "உடல் தகுதி" சான்று வாங்கி, மாஜிஸ்திரேட்கிட்ட கொண்டு போய், ரிமாண்ட் வாங்கி, கோவில்பட்டி சப் ஜெயிலுக்குக் கொண்டு போனாங்க. சுமார் 100 கிலோமீட்டர். 22-ஆம் தேதி ராத்திரி மகன் இறந்தார், 23-ஆம் தேதி காலையில அப்பா இறந்தார்.

மாஜிஸ்திரேட் மாடியில நிக்க, இவங்க ரெண்டு பேரும் கீழ தள்ளி நிக்க, அங்க இருந்தே ரிமாண்ட் ஆச்சுன்னு பாத்தவங்க சொன்னதாப் பத்திரிகைகள்ல வந்தது. அது கொரோனா காலம், எல்லாரும் எல்லார்கிட்ட இருந்தும் தள்ளி நின்ன நேரம்தான். ஆனாலும் அந்தச் செய்தியைப் படிச்சப்ப எனக்கு வயித்தைப் புரட்டுச்சு. எங்க வேலையில ஒரு கூத்து உண்டு. சர்வர் உள்ள செத்துக்கிட்டு இருக்கும், ஹெல்த் செக் மட்டும் "ஓகே, ஓகே"ன்னு பச்சை விளக்கு காட்டிக்கிட்டே இருக்கும். இங்க அப்படித்தான். ஆஸ்பத்திரி சான்று ஓகே, ரிமாண்ட் உத்தரவு ஓகே, ஜெயில் ரிஜிஸ்டர் ஓகே. எல்லாப் பெட்டியிலயும் டிக். ஆளு ரெண்டும் போயாச்சு.

பிறகு உயர்நீதிமன்ற மதுரைக் கிளை தானா முன்வந்து கேசை எடுத்தது. விசாரிக்கப் போன நடுவருக்கே ஸ்டேஷன்ல ஒத்துழைப்பு கிடைக்கல. அப்ப நீதிமன்றம் என்ன சொன்னது தெரியுமா? தடயம் அழியாம இருக்க, ஸ்டேஷனை வருவாய்த்துறை அதிகாரிகளோட கட்டுப்பாட்டுல கொண்டு வாங்கன்னு கலெக்டருக்குச் சொன்னது. யார்கிட்ட இருந்து பிரிக்கணும்னு எண்பது தொண்ணூறு வருசம் சண்டை போட்டோமோ, அதே வருவாய்த்துறை, காவலுக்கு!

பெரியப்பா சொன்னது

ஊருல ராத்திரி மொட்டை மாடியில உட்கார்ந்து இதையெல்லாம் பெரியப்பாகிட்ட சொன்னேன். "அப்போ பழைய மாதிரி பக்கத்துலயே வச்சிருந்தா நல்லது, இல்லையா பெரியப்பா?"

கொஞ்ச நேரம் பேசல. பொறவு சொன்னார்: "பக்கத்துல இருந்தா நல்லதுன்னு யாரு சொன்னா? நான் ஒரு ஊருல வேல பாத்தப்ப, ராத்திரி அடிக்க சத்தம் கேட்டா அய்யா சன்னலத் தொறந்து 'என்னவே அங்க'ன்னு ஒரு சத்தம் போடுவாரு. நின்னுரும். அதே கட்டடத்துக்கு மாறி வந்த இன்னொரு அய்யா, சத்தம் வந்தா சன்னல அடைக்கச் சொல்லுவாரு. அடைக்கது நாந்தான் பாத்துக்க."

எனக்கு என்ன பதில் சொல்றதுன்னே தெரியல. அதே நாப்பது எட்டு. அதே சன்னல்.

"நீங்க ஒண்ணும் சொல்லலியா பெரியப்பா?"ன்னு கேட்டுட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"நமக்கு நாலு புள்ள. டவாலி என்னத்தச் சொல்லுவான்?"ன்னுட்டு எந்திரிச்சுப் போயிட்டார். மறுநாள் காலையில டீ குடிக்கிறப்ப அவரா சொன்னார், "ஒரு தடவ மட்டும் அடைக்கல. கொக்கி மாட்டலன்னு பொய் சொன்னேன்."

ஆக, என் சிற்றறிவுக்கு எட்டினது இவ்வளவுதான். அதிகாரத்தைப் பிரிச்சது சரி, அதுல பின்னால போகவே கூடாது. 1908-ஐ மறக்கக் கூடாது. ஆனா அதிகாரம் பிரியறதும் ஆளு கண்ணுக்கு மறையறதும் வேற வேற. புதுசா ஒருங்கிணைந்த நீதிமன்ற வளாகம்னு ஊருக்கு ஊர் கட்டுறாங்க. லிஃப்ட், பார்க்கிங், வக்கீல் ரூம், வீடியோ ரூம் எல்லாம் பிளான்ல வருது. அதோட ரிமாண்டுக்குன்னு தரைத்தளத்துல ஒரு சின்ன ரூம் வேணும். நல்ல வெளிச்சம், போலீஸ் நிக்கிறதுக்கு வெளிய இடம், உள்ள ரெண்டே நாற்காலி, ரெண்டும் ஒரே உயரம். ஒண்ணுல நடுவர், எதிர்ல அந்த ஆள். நாற்காலியில உட்கார முடியாதவனை அப்பவாவது கண்ணுக்குத் தெரியும் இல்லையா?

கட்டடம் போட்டா மட்டும் போதாது, சன்னலை அடைக்கச் சொல்ற அய்யாவும் வருவார்னு தெரியும். ஆனா கொக்கி மாட்டலன்னு பொய் சொல்ற ஒரு டவாலியை மட்டும் நம்பி ஒரு சிஸ்டத்தை ஓட்ட முடியாது மக்கா.

உங்க ஊர் பழைய கச்சேரியில இன்னும் சப் ஜெயில் நிக்குதா? கோர்ட்டுல இருந்து எத்தனை எட்டு? தெரிஞ்சவங்க பின்னூட்டத்துல சொல்லுங்க, ஒரு கணக்கு எடுப்போம்.

டிஸ்கி: பட்டா இன்னும் வரல. அடுத்த மாசம் திரும்பப் போகணும்.